வேப்பிலைக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று கீழ்நாவலிலிருந்து நான்கு குழந்தைகளைச் சேர்த்தோம். நான்கு பேருடைய அம்மாக்களையும் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்தான். ஹெப்சிபா டாக்டர் படித்த படிப்புக்கு அவர் பேசுவது ஒருவருக்கும் புரிவதில்லை. "சிஸ்டர், நீங்களே பேசுங்க, உங்க பேச்சுக்குத்தான் தலையாட்டறாங்க" என்று என்னை முன்னால் தள்ளிவிடுகிறார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஆராய்ச்சி என்னவென்றால், மூளைக்காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசியைக் குழந்தைக்கு மூன்று தடவை போடுகிறோம். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டே போட்டால் போதுமா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு மூன்று, பாதிப் பேருக்கு இரண்டு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கி உறையில் ஒட்டி அனுப்பிவிடுகிறது.

நான்காவதாக வந்த நதியா மட்டும் உறையைப் பிரித்ததும் முறைத்தாள்.

"மத்த கொழந்தைங்களுக்கு மூணு, எம் பொண்ணுக்கு மட்டும் ரெண்டா? பொட்டப் புள்ளைன்னு கொறச்சிட்டீங்களா நர்சக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்ப்யூட்டருக்கு ஆம்பள பொம்பள தெரியாது நதியா. சீட்டு குலுக்கற மாதிரிதான்."

"ரெண்டு பத்தலைன்னா?"

"பத்தும்னு நெனைக்கறோம். அத ரத்தத்துல பாத்து உறுதி பண்ணிக்கணும். பத்துச்சின்னா அதே மருந்த இன்னும் எத்தினியோ ஊருக்குக் குடுக்கலாம். ஆனா ஒண்ணு, ஒம்போதாம் மாசத்து ஊசி மட்டும் தப்பவே கூடாது. நடுவுல ஒண்ணு இல்லாததால அதுதான் முக்கியம். நீ அலைய வேணாம். நானே வீட்டுக்கு வந்து போடறேன்."

குழந்தை பெயர் தன்ஷிகா. தொடையில் குத்தியதும் ஒரு கத்து கத்தியது, காரிடார் கடைசியில் இருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். நல்ல தொண்டை.

வீட்டுக்கு வரும்போது மழை. மாடியில் துணி முழுக்க நனைந்துவிட்டது. இவரும் மகள் ஹரிணியும் வீட்டில்தான் இருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 3

நதியா போனில் கூப்பிட்டாள். ஊசி போட்ட இடம் கட்டியாக இருக்கிறதாம். ஈரத்துணி வைக்கச் சொன்னேன்.

நவம்பர் 21

ரத்தம் எடுக்க கீழ்நாவல் போனேன். மழையில் ரோடு ரோடாக இல்லை, ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம்.

நதியா வீட்டில் நான்கு பேர். அவள், மாமியார் கன்னியம்மா, மூத்த பையன் லோகேஷ், இந்தப் பாப்பா. கணவன் ஏழுமலை பெங்களூரில் கட்டட வேலை. மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்தேன். நிஜமாகவே ஒரே தட்டு. என் மாமியார் காலத்தில் நான் அவர் தட்டைக் கழுவியதோடு சரி.

கன்னியம்மாதான் பாப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "எடு நர்சம்மா. எம் பேத்தி ரத்தத்தப் பாத்துதான் ஊரு ஒலகத்துக்கே ஊசி போடப் போறாங்களாமே, நதியா சொன்னா." சொல்லும்போதே பெருமை. வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தாள். வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கீரையைத் திருப்பிக் கொடுத்தால் நம்ம ஜனங்கள் மனசு எவ்வளவு நோகும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 3

ஹரிணிக்கு ப்ளஸ் டூ பரீட்சை தொடங்கிவிட்டது. காலையில் தமிழ். தயிர்சாதம் பாதி அப்படியே திரும்பி வந்தது. இந்த மாதம் முடியும்வரை வீட்டில் டிவி கிடையாது, விருந்தாளி கிடையாது, தும்மல் கூடக் கிடையாது என்று இவரிடம் சொல்லிவிட்டேன். "நானாவது இருக்கலாமா?" என்று கேட்கிறார்.

பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை. வெயில் வந்தாலே இது வந்துவிடும். ஹரிணிக்கு இதுவரை போட்டதில்லை.

மார்ச் 17, திங்கள்

தன்ஷிகாவுக்கு ஒன்பதாம் மாதத்து ஊசி. ஐஸ் பெட்டியோடு பத்து மணிக்கே கீழ்நாவல் போய்விட்டேன். நதியா வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. வாசற்படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம். லோகேஷுக்கு அம்மை என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள்.

அம்மா வந்திருக்கிற வீட்டுக்குள் வெளியாள் நுழைவதில்லை. அந்த வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள், ஊசி மருந்துக்குக் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்கூட்டியை அணைக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பிவிட்டேன்.

மூன்று தண்ணீர் ஊற்றட்டும், அப்புறம் வந்துகொள்ளலாம். ஊசிக்கு நான்கு வாரம் முன்னே பின்னே அனுமதி இருக்கிறது. ஒன்றும் குடி முழுகிவிடாது.

வந்ததும் குளித்தேன். வியாழக்கிழமை ஹரிணிக்குக் கணக்குப் பரீட்சை.

மார்ச் 18

டாக்டர் கேட்டார், கீழ்நாவல் குழந்தை என்னவாயிற்று என்று. "வீட்டுல அம்மை டாக்டர். இப்ப வேணாம்ங்கறாங்க" என்றேன். சரி என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

மார்ச் 25

பரீட்சை முடிந்தது. ஹரிணி வந்து பையை எறிந்துவிட்டு மாலைவரை தூங்கினாள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மார்ச் 28

சென்னையில் பயிற்சிக் கூட்டம். ஏசி ஹால், ஆளுக்கு ஒரு பை, பைக்குள் பேனா. மற்ற ஊர்களில் இதே ஆராய்ச்சியைச் செய்கிற நர்சுகள் எல்லாரும் வந்திருந்தார்கள். கிராமத்து ஜனங்களின் நம்பிக்கைகளை மதித்து வேலை செய்வது எப்படி என்று என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் டாக்டர்.

வேப்பிலை கதையைச் சொன்னேன். வாசலில் நின்று, அந்த வீட்டின் நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்று சொன்னதும் முகம் சுளிக்காமல் திரும்பினேன் என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன் போலிருக்கிறது, கைதட்டினார்கள். மதுரைக்காரி ஒருத்தி வந்து கைகொடுத்தாள்.

சாம்பார் வடை ஆறிப்போயிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் முதுகு வலி.

ஏப்ரல் 2

நதியாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார்கள். திங்கட்கிழமை நேரில் போய்விட வேண்டியதுதான். நாளை ஹரிணிக்குத் துணி எடுக்கப் போக வேண்டும், காலேஜுக்கு என்று இப்போதே கேட்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன். நதியா.

"நர்சக்கா, பாப்பா ரெண்டு நாளா காய்ச்சல்ல கெடந்தா. இப்ப கண்ண மேல சொருகறா. கைய காலை இழுக்கறா. இன்னா பண்ணட்டும்?"

கை கழுவாமல் எழுந்தேன். ஆம்புலன்சுக்கு நான் சொன்னேன். அவர்கள் வருவதற்கு முன்னால் நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். குழந்தையின் உச்சிக்குழி புடைத்துக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கடவுளே, அம்மையின் காய்ச்சலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 7

முதுகுத் தண்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கலாக வந்தது. மூளைக்காய்ச்சல்தான்.

இன்றுதான் திங்கட்கிழமை. கீழ்நாவல் போக இருந்தேன்.

ஏப்ரல் 11

ஏழுமலை பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். டாக்டர் அவனையும் நதியாவையும் கன்னியம்மாவையும் வார்டுக்கு வெளியே உட்கார வைத்துப் பேசினார். பெஞ்சுக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். கிருமி எது என்று சோதனையில் வந்துவிட்டது, அந்த ஊசி தடுக்கிற வகைகளில் ஒன்றுதான் என்றார்.

"அப்ப ஊசி போட்டும் வந்துச்சா? ரெண்டே ஊசி போட்டதாலயா?" என்று ஏழுமலை கேட்டான்.

"ரெண்டாவது ஊசிதான் போடலியேப்பா. ஒம்போது மாசத்துல போட வேண்டியது. போட்டிருந்தா வந்தே இருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பெரும்பாலும் காப்பாத்தியிருக்கும். சிஸ்டர் உங்க வீட்டுக்கு வந்தாங்க. அம்மை போட்டிருக்கு, வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. அம்மைக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்ல. போட்டிருக்கலாம்."

திட்டுகிற மாதிரி அவர் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். ஏழுமலை அம்மாவைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். கன்னியம்மா மருமகளைப் பார்த்தாள். நதியா மாமியாரைப் பார்த்தாள்.

நான் உள்ளே போய் ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்றினேன். பாட்டிலில் இன்னும் கால்வாசி இருந்தது.

ஏப்ரல் 12

தலைவலி. லீவு போட்டேன்.

ஏப்ரல் 19

உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரிடாரில் நின்று அழுதேன். நதியா வந்து, "அழாதீங்க நர்சக்கா" என்று என் தோளைத் தொட்டாள். அவள் தொட்டதும் எனக்குக் கூசியது. ஏன் என்று எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 30

தன்ஷிகாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் காது சோதனை. இரண்டு காதிலும் கேட்கவில்லை. காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, அரசாங்கக் காப்பீட்டில் செய்வார்கள், பேச்சுப் பயிற்சி வருடக் கணக்கில் போகும் என்று டாக்டர் விவரமாகச் சொன்னார். நதியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "அப்ப அம்மானு எப்ப சொல்லுவா?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். இரண்டாவது ஊசி போடாததால் இந்தக் குழந்தை ஆராய்ச்சியின் முக்கியக் கணக்கில் சேராது. இரண்டு ஊசி முழுக்கப் போட்ட குழந்தைகளின் ரத்தம் நன்றாகவே இருக்கிறது. இரண்டே போதும் என்றுதான் முடிவு வரும் போலிருக்கிறது. நல்ல செய்திதான். எத்தனையோ குழந்தைகளுக்கு நல்லது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

மே 8

ரிசல்ட் வந்தது. ஹரிணி ஐந்நூற்று ஐம்பத்தொன்று. ஆஸ்பத்திரி முழுக்க லட்டு கொடுத்தேன்.

ஜூன் 3

கீழ்நாவல் போனேன். டாக்டர் மருந்து கொடுத்தனுப்பினார், நானாகப் போகவில்லை.

வீடு பெருக்காமல் கிடந்தது. கன்னியம்மா இல்லை. ஆரணியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம், போய் ஒரு மாதம் ஆகிறதாம். ஏழுமலை பெங்களூர் போகவில்லை. உள்ளே படுத்திருந்தான், என்னைப் பார்த்தும் எழுந்து வரவில்லை.

நதியா வாசலில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள்.

"ஒங்களாண்ட கேக்கணும்னே இருந்தேன் நர்சக்கா. அன்னிக்கு அத்த ஒங்களாண்ட இன்னானு சொன்னாங்க?"

"என்னிக்கு?"

"வேப்பல கட்டியிருந்தப்ப. வேணாம்னு சொன்னாங்கல்ல, அன்னிக்கு. நான் கேட்டா, நான் சொல்லவே இல்ல, நீதான் சொன்னங்கறாங்க. நான் எங்க சொன்னேன்? நான் பாப்பாக்கு தலைக்கு ஊத்தி, புது கவுனு போட்டு, மடியில வெச்சினு குந்தினு இருந்தேன். நீங்க வருவீங்கனு சொல்லியிருந்தீங்களே. வண்டி சத்தம் கேட்டுச்சி. வந்துட்டாங்கடினு பாப்பாவாண்ட சொன்னேன். கொஞ்ச நேரம் வண்டி நின்னாப்பலயே ஓடுச்சி. அப்பறம் போற சத்தம் கேட்டுச்சி. அத்த பின்பக்கம் மாட்டாண்ட இருந்தாங்க. அவங்கதான் வெளிய வந்து ஒங்கள அனுப்பிட்டாங்கனு நெனச்சிக்கினேன். அப்ப கோவம்தான். ஆனா ஆத்தாவுக்குப் பயந்து சொல்லிட்டாங்கனு வுட்டுட்டேன்."

நான் மருந்துப் பையின் முடிச்சை அவிழ்த்தேன்.

"இப்ப இவரு தெனம் கேக்கறாரு. யார்ரீ வேணாம்னு சொன்னது, நீயா எங்கம்மாவானு. அத்த பேச்ச நிறுத்திட்டாங்க. ஒரு நாள் துணிய எடுத்துனு போயிட்டாங்க. பொய் சொல்றாங்களேனு எனக்கு அவங்க மேல ஆத்திரம். நான் பொய் சொல்றேனு அவங்களுக்கு. நீங்கதான் நர்சக்கா சொல்லணும். யாரு சொன்னது?"

பாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணை அளைந்துகொண்டிருந்தது. "மருந்த வேளைக்குக் குடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்று எழுதுவதற்கே கேவலமாக இருக்கிறது.

ஜூன் 4

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரையும் நான் கேட்கவும் இல்லை. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வெளியாள் நுழையக் கூடாது என்ற பேச்சே வேண்டாம், அவள் பிள்ளையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். நம்ம ஜனங்கள் மனசு எனக்குத் தெரியும் என்று தலைக்கனத்தோடு திரும்பிவிட்டேன் என்று எழுதலாம். அதுவும் முழு உண்மை இல்லை.

ஜூன் 5

டாக்டரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

அவர் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் குடும்பத்த உக்கார வெச்சி நான் சொன்னேனே சிஸ்டர். புள்ளைக்கு இப்படி ஆனதுக்கு நீங்கதான் காரணம்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னேனே. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா டாக்டர்."

"மேல நான் எழுதிப் போட்டாகணும். உங்க வேலை போகலாம். அது அப்பறம். மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. நான் கூட வரணுமா?"

வேண்டாம் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் முதல் பஸ்ஸில் ஆரணி போனேன். கன்னியம்மாவிடம், ஒரு தடவை வீட்டுக்கு வாங்க, எல்லார் முன்னாலயும் ஒன்று சொல்ல வேண்டும் என்று கெஞ்சிக் கூட்டிவந்தேன். இளைத்துப் போயிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "நான் வேணாம்னு சொன்னேனாம் நர்சம்மா. நெனப்பு வரல. வயசாயிடுச்சி, சொல்லிட்டு மறந்துட்டேனோ இன்னாவோனு ராவும் பகலும் ரோசன பண்றேன்" என்றாள். கீழ்நாவல் வரும்வரை என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

நதியா, மாமியாரைப் பார்த்ததும் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏழுமலை சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அன்னிக்கு வேணாம்னு யாரும் சொல்லல" என்றேன். "உங்கம்மாவும் சொல்லல, நதியாவும் சொல்லல. நான் உங்க வீட்டுக்குள்ள வரவே இல்ல. வேப்பிலையப் பாத்துட்டு வாசலோட திரும்பிட்டேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னது நான்தான்."

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நதியாவைப் பார்த்தாள். நதியா நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாப்பா பாட்டி மடிக்குத் தாவியது.

"வுடு" என்றாள் கன்னியம்மா. "ஆத்தா இருக்கற ஊட்டுக்குள்ள எப்டி ஊசியோட போறதுனு பயந்துட்ட. நாங்களும்தான் பயப்படறோம். ஆத்தாவுக்குப் பயந்தது ஒரு தப்பா?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அத்தோடு முடிந்திருக்கும். அவளே வழிவிட்டுக் கொடுக்கிறாள்.

"அதுக்குப் பயப்படலம்மா" என்றேன். "எம் பொண்ணு ப்ளஸ் டூ பரீட்சை எழுதினு இருந்தா. அவளுக்கு அம்மை போட்டதில்ல. நான் இங்க வந்துட்டுப் போனா அவளுக்கு ஒட்டிக்குமோனு பயந்தேன். எனக்குச் சின்ன வயசுலயே போட்டாச்சி, எம் மூலமா ஒட்டறதுக்கு வழியே இல்லாத மாதிரிதான். நர்சு, எனக்கு அது நல்லாவே தெரியும். தெரிஞ்சும் திரும்பிட்டேன்."

ஏழுமலை எழுந்தான். என்னைத் தாண்டி வெளியே போனான். செருப்பைப் போடாமலே தெருவில் நடந்து போவது தெரிந்தது.

கன்னியம்மா பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"ஒங்க பொண்ணு எவ்ளோ மார்க் எடுத்துச்சி நர்சக்கா?" என்று நதியா கேட்டாள்.

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முகத்தில் வேறு எதுவும் இல்லை.

ஐந்நூற்று ஐம்பத்தொன்று என்று சொன்னேன்.